கருணாநிதியின் நான்கு காவிரித் தேர்தல்கள்

மு. கருணாநிதி 13 முறை சட்டமன்றத் தேர்தலில் நின்றார், 13 முறையும் ஜெயித்தார் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதில் நான்கு வெற்றிகள் காவிரிப் பாசனப் பகுதியில் கிடைத்தவை: 1957இல் குளித்தலை, 1962இல் தஞ்சாவூர், 2011இலும் 2016இலும் திருவாரூர். இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். நான்கு முறையும் அவர் எதிர்க்கட்சி உறுப்பினர். அவர் முதலமைச்சராக இருந்த காலம் முழுக்க அவருடைய தொகுதி சென்னைப் பக்கம்தான் இருந்தது. முதலில் சைதாப்பேட்டை, பிறகு துறைமுகம், கடைசியாகச் சேப்பாக்கம்.

திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் படித்து வளர்ந்த ஒருவர் ஐந்து முறை முதலமைச்சராகிறார். ஆனால் அவரைத் தங்கள் பிரதிநிதியாக அனுப்பிய டெல்டா தொகுதி மக்களுக்கு, முதலமைச்சரின் தொகுதி என்ற இடம் கிடைக்கவே இல்லை. இது தற்செயலா? பாதி தற்செயல். மீதிப் பாதிக்கு டெல்டாவின் நில உடைமையிலும் கட்சிகளின் பலத்திலும் தொகுதி எல்லைகளிலும் காரணம் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதும்போது வசனம், மேடைப் பேச்சு, ஆட்சிக் கலைப்பு என்று பேச்சு எங்கோ போய்விடுகிறது. டெல்டாவின் எம்.எல்.ஏ.வாக அவர் என்ன செய்தார், என்ன செய்ய முடிந்தது என்பதைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

மூன்று தொகுதிகளும் ஆற்றோட்டத்தின் வரிசையிலேயே அமைந்திருக்கின்றன. குளித்தலை, காவிரி அகண்டு ஓடும் மேல்பகுதி. வாழை, வெற்றிலை, நெல் எல்லாம் விளையும் பூமி. அப்போது திருச்சி மாவட்டம், இப்போது கரூர் மாவட்டம். தஞ்சாவூர், கல்லணை தாண்டி வந்த நீர் கிளை கிளையாகப் பிரியும் நடுப்பகுதி. திருவாரூர், ஓடம்போக்கியும் வெட்டாறும் பாயும் கடைமடைப் பக்கம். மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி மதகைத் தூக்கினாலும் இங்கே வயலுக்குத் தண்ணீர் வந்து சேர நாட்கள் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்தால் இருக்கும் வெள்ளமெல்லாம் இங்கேதான் வந்து நிற்கும். தலைமடைக்காரன் கவலை ஒன்று, கடைமடைக்காரன் கவலை வேறொன்று. அவர் தேர்தல் வாழ்க்கையைத் தலைமடையில் தொடங்கிக் கடைமடையில் முடித்தார்.

ஆரம்ப கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1924 ஜூன் 3இல் பிறப்பு. நாகஸ்வரம் வாசிக்கும் இசைக் குடும்பம். திருவாரூர் உயர்நிலைப் பள்ளியில் இடம் தர மறுத்தபோது, கமலாலயக் குளத்தில் விழுந்துவிடுவேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி இடம் வாங்கியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 14 வயதில், 1938இல், அதே ஊர்த் தெருக்களில் இந்தி எதிர்ப்பு ஊர்வலம். 1942 ஆகஸ்டில் திருவாரூரிலிருந்து துண்டறிக்கை வடிவில் 'முரசொலி'. 1953இல் கல்லக்குடியில் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்துச் சிறை சென்றது, திருச்சி வட்டாரத்தில் அவர் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. 1956இல் திருச்சி மாநாட்டில் தி.மு.க. பெட்டி வைத்து வாக்கெடுத்து, தேர்தலில் நிற்பது என்று முடிவு செய்தது. அடுத்த ஆண்டே குளித்தலை.

அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்கு அங்கீகாரம் கிடையாது. கட்சியின் வேட்பாளர்கள் கணக்கில் சுயேச்சைகள். கருணாநிதி காங்கிரஸ் வேட்பாளரை 8,296 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். 205 பேர் கொண்ட சபையில் தி.மு.க.வினர் 15 பேர். 32 வயதில் உள்ளே போன அவர் முதன்முதலில் எழுந்து பேசியது மொழியைப் பற்றியோ திராவிட நாட்டைப் பற்றியோ அல்ல, நங்கவரம் விவசாயிகளைப் பற்றி.

நங்கவரம் குளித்தலைக்குப் பக்கத்து ஊர். பெரிய பண்ணை. அந்தப் பண்ணை நிலத்தில் உழவு மாடு இல்லாமல் கையுழைப்பை மட்டும் முதலாக வைத்து வாரத்துக்குச் சாகுபடி செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கையேரு வாரக்காரர்கள் என்பார்கள். நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது, அறுப்பது எல்லாம் இவர்கள் பாடு. களத்தில் நெல் அளக்கும்போது கிடைப்பது சொற்பம். அதைவிடப் பெரிய பிரச்சினை, சட்டத்தின் கண்ணில் இவர்கள் யார் என்பது. குத்தகைதாரர் என்றால் நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாது. கூலியாள் என்றால் இன்றைக்கு வா, நாளைக்கு வராதே என்று சொல்லிவிடலாம். பண்ணைக்கு இவர்கள் கூலியாளாக இருப்பதுதான் வசதி.

இதன் பின்னணி முக்கியம். 1940களில் கீழத்தஞ்சையில் செங்கொடிச் சங்கம் நடத்திய போராட்டங்களின் விளைவாக, 1952இல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான அளவுக்கு மேல், நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது பொருந்தியது. குத்தகைதாரர் பங்கை 40 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் அது தஞ்சாவூர் மாவட்டத்தோடு நின்றது. குளித்தலை திருச்சி மாவட்டம். அதே காவிரித் தண்ணீர், அதே பண்ணை முறை, மாவட்ட எல்லை மட்டும் வேறு. 1955, 1956ஆம் ஆண்டுச் சட்டங்கள் மாநிலம் முழுக்க வந்தபோதும், நான் குத்தகைதாரன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு ஏழையின் தலையில்தான் விழுந்தது. கையில் சீட்டு இல்லாதவன் எதைக் காட்டி நிரூபிப்பான்?

இந்த இடத்தைத்தான் புது எம்.எல்.ஏ. பிடித்தார். சபையில் பேசியதோடு விடாமல் நங்கவரத்துக்குப் போய்ப் போராட்டத்திலும் நின்றார். என் பார்வையில் அவருடைய அறுபது ஆண்டு சட்டமன்ற வாழ்க்கையில் ஒரு தொகுதி உறுப்பினராக மிகச் சுத்தமான காலம் இதுதான். கையில் அதிகாரம் இல்லை, கோப்பில் கையெழுத்துப் போட முடியாது. ஓர் ஊரின் பிரச்சினையைக் கோட்டையில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல முடியும், சொன்ன பிறகு அந்த ஊரில் போய் நிற்க முடியும், அவ்வளவுதான். அந்த இரண்டையும் அவர் செய்தார். குளித்தலையையும் எதிர்க்கரையில் உள்ள முசிறியையும் இணைக்கும் காவிரிப் பாலம் அவர் முதலமைச்சரான பிறகு வந்தது. தந்தை பெரியார் பாலம் என்று பெயர். அந்தப் பக்கத்து மக்கள் இன்றைக்கும் பாலத்தைச் சொல்லும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

சரி, அப்படி ஜெயித்த தொகுதியை ஐந்தே வருஷத்தில் ஏன் விட்டார்? 1962 தேர்தலில் தி.மு.க. உறுப்பினர்கள் ஜெயித்த இடங்களைத் திரும்பப் பிடிப்பதில் காமராஜர் தனிக் கவனம் வைத்தார். காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். கருணாநிதி இடம் மாறித் தஞ்சாவூரில் நின்றார். எதிரே நின்றவர் தஞ்சையில் செல்வாக்கு மிக்க காங்கிரஸ்காரரான பரிசுத்த நாடார், அப்போது அந்தத் தொகுதியின் உறுப்பினர். வித்தியாசம் வெறும் 1,928 வாக்கு. அது எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்த வெற்றி என்பது அடுத்த தேர்தலில் புரிந்தது. 1967இல் மாநிலமே தி.மு.க. பக்கம் சாய்ந்தபோது தஞ்சாவூர் தொகுதி பரிசுத்த நாடாரிடமே திரும்பப் போனது.

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் தி.மு.க.வுக்கு இரண்டு பக்கமும் சுவர். மிராசுதார்கள் பெரும்பாலும் காங்கிரஸ். கபிஸ்தலம், பூண்டி, வடபாதிமங்கலம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும். நிலமும் கோயில் நிர்வாகமும் கூட்டுறவு வங்கியும் அவர்கள் கையில். மறுபக்கம், கிழக்கே நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வட்டாரங்களில் நிலமில்லாத தலித் விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடியின் கீழ் திரண்டிருந்தார்கள். நடுவில் மிச்சமிருந்தது சிறு விவசாயி, குத்தகைதாரர், டவுனில் கடை வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியர், மாணவர். தி.மு.க. வளர்ந்தது அந்த நடு இடத்தில். வட மாவட்டங்களில் கட்சி வளர்ந்த வேகம் இங்கே கிடைக்காததற்கு இதுவே முக்கிய காரணம் என்று நினைக்கிறேன். நிலத்துக்காரருக்கும் கூலிக்காரருக்கும் நேருக்கு நேர் சண்டை நடக்கும் ஊரில், இருவரையும் தமிழர் என்று ஒன்றாகக் கூப்பிடும் கட்சிக்கு ஆள் சேர்ப்பது லேசான வேலையில்லை.

தஞ்சாவூர் உறுப்பினராக இருந்த ஐந்து வருஷத்தில் அவர் சட்டமன்ற தி.மு.க.வின் துணைத் தலைவர். நெடுஞ்செழியன் தலைவர், கட்சிக்கு 50 இடம். 1961இலிருந்தே கட்சிப் பொருளாளர் வேறு. ஆகவே தஞ்சையின் எம்.எல்.ஏ. என்பதைவிட மாநிலத் தலைவர்களில் ஒருவர் என்ற பாத்திரம் பெரிதாகிவிட்டது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதாகிப் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்ததும் தஞ்சாவூர் உறுப்பினராகத்தான். நங்கவரம் போல ஒரு தொகுதிப் பிரச்சினையோடு அவர் பெயர் இந்தக் காலத்தில் ஒட்டவில்லை. 1967இல் சைதாப்பேட்டைக்குப் போனார், பொதுப்பணித் துறை அமைச்சரானார். அப்புறம் 44 வருஷம் டெல்டாவில் வேட்புமனு தாக்கல் செய்யவில்லை.

அந்த 44 வருஷத்தில்தான் டெல்டாவைப் பற்றிய பெரிய முடிவுகளில் பலவற்றை அவர் எடுத்தார்.

முதலில் வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதற்காகவும் சங்கத்தைவிட்டு விலக மறுத்ததற்காகவும் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே அதிகம். அண்ணா நோயில் இருந்தார். அவர் அனுப்பி ஊருக்கு வந்த அமைச்சர்கள் கருணாநிதியும் மாதவனும். வெண்மணி, திருக்குவளைக்கு அதிக தூரமில்லை. தான் பிறந்த மண்ணில் நடந்த கொடுமையைப் பார்க்க அமைச்சராக வந்தவர், ஏழு வாரம் கழிவதற்குள் முதலமைச்சர். கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது, 1969இல் கிழக்குத் தஞ்சை வட்டங்களுக்கான விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970இல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15ஆகக் குறைக்கப்பட்டது. 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம். மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர்களுக்கு அந்த மனை சொந்தம் என்று சொன்ன சட்டம் அது.

இந்தக் கடைசிச் சட்டத்தின் அருமை வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. பண்ணையாளின் குடிசை பண்ணையின் இடத்தில் இருந்தது. கூலி அதிகம் கேட்டால், சங்கத்தில் சேர்ந்தால், அடுத்த நாள் குடிசையைப் பிரி என்பார்கள். மனை கையில் வந்தவுடன் அந்த மிரட்டல் செத்தது. உச்சவரம்புச் சட்டத்தில் ஓட்டை நிறைய. பினாமி, அறக்கட்டளை, கோயில் பெயர் என்று நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் பலர். கைக்கு வந்த நிலம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. குடியிருப்பு மனைச் சட்டம் அப்படியல்ல, தெருத் தெருவாகப் பலன் தந்தது. ஆனால் வெண்மணி வழக்கு? நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் 1973இல் விடுதலை செய்தது. 44 உயிருக்குச் சட்டத்தில் பதில் இல்லாமல் போனது. அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து விலக முடியாது.

அடுத்து, நெல் கொள்முதல். 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. டெல்டாவில் இன்றைக்கு எந்த எம்.எல்.ஏ.வுக்கும் தை, மாசி மாதங்களில் வரும் போன்களில் முக்கால்வாசி கொள்முதல் நிலையம் பற்றியதுதான். எங்கள் ஊரில் நிலையம் திறக்கவில்லை, சாக்கு இல்லை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள், ராத்திரி மழை வரும்போல இருக்கிறது, தார்ப்பாய் போதவில்லை. களத்தில் கொட்டிக் கிடக்கும் நெல்லைக் காலால் கிளறிக் காயவைத்துக்கொண்டு, 40 கிலோ சிப்பமாகப் பிடிக்க முறை வரும்வரை குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடப்பார்கள். இந்தக் குறைகளெல்லாம் உண்மை. அதே சமயம் இந்த நிலையங்கள் இல்லாவிட்டால் வியாபாரி சொன்னதுதான் விலை. அறுவடை நேரத்தில் டெல்டா விவசாயிக்கு அரசு என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்த நிலையம்தான்.

மூன்றாவது காவிரி. இங்கே அவர் கணக்கில் வரவும் உண்டு, செலவும் உண்டு. 1924 பிப்ரவரியில் மைசூரும் சென்னை மாகாணமும் செய்த ஒப்பந்தத்தின் சில விதிகளை 50 ஆண்டு கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்று இருந்தது. அதாவது 1974. அதற்கு முன்பே கர்நாடகம் கபினி, ஹேமாவதி அணைகளைக் கட்டத் தொடங்கிவிட்டது. 1971இல் கருணாநிதி அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, நடுவர் மன்றம் கேட்டது. 1972இல், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டுக்கொண்டதால் வழக்கைத் திரும்பப் பெற்றது. பேச்சு வார்த்தை முடிவில்லாமல் இழுத்தது, அணைகள் எழும்பின. அந்த வாபஸ் தவறான முடிவு என்றே நான் கருதுகிறேன். வழக்கை நிலுவையில் வைத்துக்கொண்டே பேசியிருக்கலாம். அன்றைக்கு அவர் டெல்டாத் தொகுதி ஒன்றின் உறுப்பினராக இருந்திருந்தால், ஒவ்வொரு வாரமும் வீட்டு வாசலில் விவசாயிகள் வந்து நின்றிருந்தால், இந்த முடிவு இவ்வளவு எளிதாக வந்திருக்குமா என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வரவுப் பக்கம்: 1990. டெல்டா விவசாயிகள் 1983இல் போட்ட மனுவின் மேல் உச்ச நீதிமன்றம் 1990 மே மாதம் உத்தரவிட, வி.பி. சிங் அரசு ஜூன் 2ஆம் தேதி நடுவர் மன்றத்தை அமைத்தது. அப்போது முதலமைச்சர் கருணாநிதி. வி.பி. சிங்குடன் இருந்த நெருக்கம் உதவியது என்பதை அவருடைய எதிரிகளும் மறுப்பதில்லை. ஆனால் அடுத்த ஜனவரியில் அவர் ஆட்சி கலைக்கப்பட்டது. 205 டி.எம்.சி. தர வேண்டும் என்ற இடைக்காலத் தீர்ப்பு 1991 ஜூன் 25இல் வந்தபோது கோட்டையில் ஜெயலலிதா.

இத்தனையும் செய்தவர் ஏன் இந்த மண்ணில் ஒரு தொகுதியை வைத்துக்கொள்ளவில்லை? பாதுகாப்பான தொகுதி தேடிச் சென்னைக்குப் போனார் என்பார்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. 1980இல் அண்ணா நகரில் 699 வாக்கு வித்தியாசம். 1991இல் துறைமுகத்தில் 890. அந்த 1991இல் தி.மு.க.வுக்கு மாநிலத்தில் கிடைத்ததே இரண்டு இடம். அதே அலையில் திருவாரூர், தி.மு.க. கூட்டணியில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சிக்கு அதன் ஒரே வெற்றியைத் தந்தது. பாதுகாப்புதான் கணக்கு என்றால் திருவாரூர்தான் சரியான இடம்.

ஆனால் அங்கே அவர் நிற்க முடியாது. திருவாரூர் 2006 தேர்தல் வரை தனித் தொகுதி. பிறந்த ஊரான திருக்குவளை இப்போது இருக்கும் கீழ்வேளூரும் தனித் தொகுதிதான். நிலமில்லாத தலித் மக்கள் அதிகம் வாழும் கிழக்கு டெல்டாவில் தனித் தொகுதிகள் கூடுதலாக இருப்பது நியாயமானது, அவசியமானது. அதன் ஒரு விளைவு, சொந்த ஊரின் பெயர் கொண்ட தொகுதி அவருக்கு நீண்ட காலம் மூடியே இருந்தது. இன்னொன்று, தலைநகரில் கட்சியையும் ஆட்சியையும் நடத்துபவருக்குக் கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள தொகுதி வசதியானது. 1967க்குப் பிறகு சென்னை தி.மு.க.வின் கோட்டை என்று பேர் வாங்கியதும் ஒரு காரணம்.

2008 தொகுதி மறுவரையறை இரண்டு வேலையை ஒன்றாகச் செய்தது. சேப்பாக்கம் திருவல்லிக்கேணியோடு சேர்ந்து புதுத் தொகுதியானது, திருவாரூர் பொதுத் தொகுதியானது. 2011இல், 86 வயதில், கருணாநிதி திருவாரூருக்கு வந்தார்.

அவர் வருவதற்கு முன்பே அவருடைய அரசின் கை ஊரில் தெரிந்தது. 1970இல், இருபது வருஷத்துக்கும் மேலாக நின்றிருந்த ஆழித்தேர் ஓடியது அவர் ஆட்சியில். கோயிலையும் கடவுளையும் பற்றி அவர் பேசியதெல்லாம் தெரிந்த ஊர், தேர் ஓடியதையும் மறக்கவில்லை. 1997 ஜனவரி 1இல் திருவாரூர் தனி மாவட்டமானது. 2006இல் ஆட்சிக்கு வந்த நாளிலேயே கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி, சுமார் 7,000 கோடி ரூபாய். நீலக்குடியில் 2009இல் மத்தியப் பல்கலைக்கழகம், அடுத்த ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி. முன்பெல்லாம் அவசரத்துக்குத் தஞ்சாவூருக்கு ஓடிய குடும்பங்களுக்கு அந்தக் கல்லூரியின் மதிப்பு தெரியும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒன்று இருந்தது. 2011 ஜனவரியில், தேர்தலுக்குச் சில மாதம் முன்பு, மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுப்பது தொடர்பாக ஒரு தனியார் நிறுவனத்தோடு தி.மு.க. அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. நெல் வயலுக்கு அடியில் இருக்கும் நீரை வெளியேற்றினால்தான் வாயு மேலே வரும் என்பது விவசாயிகளுக்கு மெல்ல மெல்லத் தெரியவந்தது. இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கம் உயிர்விட்டார். ஒப்பந்தம் போட்டது நீங்கள்தானே என்ற கேள்வி அடுத்த இரண்டு தேர்தலிலும் தி.மு.க.வைத் துரத்தியது. அது நியாயமான கேள்விதான்.

2011 தேர்தலில் தி.மு.க. 23 இடத்தோடு சுருண்டது. எதிர்க்கட்சி அந்தஸ்துகூட இல்லை, அது தே.மு.தி.க.வுக்குப் போனது. திருவாரூர் மட்டும் கருணாநிதிக்கு 1,09,014 வாக்கு போட்டது, வித்தியாசம் 50,249. 2016இல் 1,21,473 வாக்கு, வித்தியாசம் 68,366. அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிகமான வித்தியாசம் அது. தஞ்சாவூரின் 1,928ஐயும் திருவாரூரின் 68,366ஐயும் ஒரே ஆள் வாங்கியிருக்கிறார். இடையில் மிராசுதாரின் பிடி தளர்ந்தது, செங்கொடிக் கட்சிகள் பல தேர்தல்களில் கூட்டணிக்குள் வந்தன, நடுவில் இருந்த கட்சி இரண்டு பக்கமும் பரவியது. அதோடு, நம்ம ஊர்க்காரர் கடைசிக் காலத்தில் நம்மைத் தேடி வந்திருக்கிறார் என்ற பாசம். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் சட்டமன்ற உறுப்பினராக அவரால் என்ன செய்ய முடிந்தது? சக்கர நாற்காலியில் இருந்தவர். தனக்கு ஏற்ற இருக்கை வசதி சபையில் இல்லை என்று சொல்லி, விவாதங்களில் உட்காரவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு ஒதுங்கியிருந்தார். மாற்றுத்திறனாளி ஒருவர் உறுப்பினராக இருந்து பேச வசதி செய்வது சபையின் கடமை, அதைச் செய்திருக்க வேண்டும். அது ஒரு பக்கம். மறுபக்கம், திருவாரூரின் பிரச்சினையைச் சபையில் எழுந்து சொல்ல அதன் உறுப்பினர் இல்லை. 'முரசொலி'யில் கடிதம் எழுதினார், அறிக்கை விட்டார், தொகுதி வேலையைக் கட்சிக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். 2013 பிப்ரவரியில் நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானபோது பெயர் தட்டிச் சென்றது ஜெயலலிதா. தஞ்சாவூரில் விழா எடுத்து 'பொன்னியின் செல்வி' என்று பட்டம் கொடுத்தார்கள். நடுவர் மன்றம் அமைந்தபோது முதல்வராக இருந்தவர் அப்போது பக்கத்து மாவட்டத்தில் ஒரு தொகுதியின் எம்.எல்.ஏ. மட்டும்.

1957இல் 15 பேரில் ஒருவராக இருந்த இளைஞர் நங்கவரத்துக்குச் செய்ததை, ஐந்து முறை முதலமைச்சராக இருந்த பெரியவர் திருவாரூருக்குச் செய்ய முடியவில்லை. வயதும் உடல்நிலையும் மட்டும் காரணம் இல்லை. எம்.எல்.ஏ. என்ற பதவியே இடையில் மாறிவிட்டது. பட்டா, முதியோர் உதவித்தொகை, கொள்முதல் நிலையம், சாலை என்று மனு வாங்கிக் கொடுக்கும் வேலையாகிவிட்டது. அதைச் செய்ய அதிகாரி காது கொடுக்க வேண்டும், அதிகாரி காது கொடுக்க ஆளுங்கட்சியாக இருக்க வேண்டும்.

2016 இறுதியில் அவர் பேச்சு நின்றது. அதே குளிர்காலத்தில் டெல்டாவில் சம்பா கருகி, விவசாயிகள் அடுத்தடுத்து இறந்தார்கள், 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழகத்துக்கு வர வேண்டிய அளவை 192இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. ஜூனில் மேலாண்மை ஆணையம் அமைந்தது. திருவாரூரின் உறுப்பினர் கோபாலபுரம் வீட்டில் படுக்கையில் இருந்தார். ஆகஸ்ட் 7இல் காலமானார்.

மூன்று மாதம் கழித்து, நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. தென்னை, வீடு, மின்கம்பம் எல்லாம் சரிந்த அந்த நாட்களில் திருவாரூருக்கு எம்.எல்.ஏ. கிடையாது. 2019 ஜனவரி 28இல் இடைத்தேர்தல் என்று அறிவித்து, நிவாரண வேலை நடப்பதால் ரத்து செய்தார்கள். ஏப்ரல் 18இல் மக்களவைத் தேர்தலோடு சேர்த்து நடத்தினார்கள். தி.மு.க.வின் பூண்டி கலைவாணன் 60 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். புயலுக்கு நிவாரணம் கேட்டு அலைந்த மாதங்கள் முழுக்கத் தொகுதி காலியாகவே இருந்தது.

2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று டெல்டாவின் மூன்று நிலக்கரிப் பகுதிகளை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சபையில் எழுந்து, "நானும் டெல்டாக்காரன்தான்" என்றார். சில நாட்களில் அந்தப் பகுதிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அப்போது அவருடைய தொகுதி சென்னையில் உள்ள கொளத்தூர்.